குழாய்க்குள் வேறொரு ஆள்

செல்வியின் கால் ஒடிந்ததால்தான் நான் கார்ன்வால் போனேன். வத்தல்மலைக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஸ்கூட்டி சறுக்கி, முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தவள் என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "விசா வீணாப் போச்சுடி மேரி." இரண்டாவது வார்த்தை, "நீதான் உன் தம்பி வூட்டுக்குப் போறியே, அங்கிருந்து எவ்ளோ தூரம் இருக்கும்?"

நானும் செல்வியும் தருமபுரியில் ஒரே ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பத்து வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மைக்ரோஸ்கோப் பார்த்தவர்கள். நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன், தினமும் பாப்பாரப்பட்டியிலிருந்து பஸ்ஸில். அவள் கல்யாணமாகித் தன் மலைக்கே திரும்பிப் போய்விட்டாள். சாமை விதைக்கிறாள், காப்பிச்செடி பார்க்கிறாள், மிச்ச நேரத்தில் படம் வரைகிறாள். சில வருஷத்துக்கு முன் மலை பார்க்க வந்த ஹெலன் என்ற இங்கிலாந்துப் பெண், செல்வி தன் வீட்டுச் சுவரில் வரைந்திருந்ததைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் நின்றாளாம். அந்த ஹெலன் செயின்ட் ஐவ்ஸ் என்ற கடற்கரை ஊரில் ஒரு சின்ன ஆர்ட் கேலரி வைத்திருக்கிறாள். கார்ன்வால் என்கிற, இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடி அது. ஓவியர்கள் தலைமுறை தலைமுறையாக வந்து குடியேறும் கடலோரம். அங்கே வேறு தேசத்து மலைகளைப் பற்றிய ஒரு கண்காட்சி. அதில் செல்வியின் ஐந்து படங்கள். சனிக்கிழமை நாலு மணிக்குத் திறப்பு.

என் தம்பி சகாயம் அங்கேயே பிளிமத் என்ற ஊரில் ஆண் நர்ஸ். அவன் வீட்டிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம்தான். ஆக, செல்வியின் படங்கள் என் தோளில் ஏறின. இன்ஜினியரிங் பிள்ளைகள் சார்ட் போட்டுக்கொண்டு போவார்களே, தோள்வார் வைத்த கறுப்பு பிளாஸ்டிக் குழாய், அதற்குள் ஐந்தையும் சுருட்டி வைத்தாள்.

"மேல பேரு எழுதுடி" என்றாள்.

"என் தோள்லதான தொங்கப் போவுது? எவன் எடுப்பான்?" என்றேன்.

நான் சொன்னது சரிதான். எவனும் எடுக்கவில்லை. எடுத்தது நான். அதற்கு வருகிறேன்.

புதன்கிழமை காலை தம்பி மனைவி கட்டிக்கொடுத்த புளிசாதத்தோடு ரயில் ஏறினேன். நாற்பத்திரண்டு வயதில் முதன்முதலாகத் தனியாக ஒரு வெளிநாட்டு ரயிலில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே எனக்குப் பெரிய கிளுகிளுப்பாக இருந்தது. உயரமான பாலம் ஒன்றைத் தாண்டியதும் பெட்டியில் இருந்தவர்கள் பேச்சு மாறிவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த கிழவர், "இனிமேல் இது இங்கிலாந்து இல்லை, கார்ன்வால்" என்று என்னிடம் ரகசியம்போலச் சொன்னார். டிக்கெட் பார்க்க வந்தவர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நன்றி, என் காதலியே" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தேன். அவர் அடுத்த சீட்டுப் பாட்டியையும் காதலியே என்றார், அதற்கடுத்து இருந்த தாடிக்காரனையும் கிட்டத்தட்ட அப்படியே ஏதோ சொன்னார். நம்மூரில் 'கண்ணு' என்பதுபோல இங்கே அது வாய்ப்பழக்கம் என்று கிழவர்தான் விளக்கினார்.

செயின்ட் எர்த் என்ற ஸ்டேஷனில் இறங்கி சின்ன ரயிலுக்கு மாற வேண்டும். பெரிய ரயில் அதையும் தாண்டிக் கடைசி ஊரான பென்சான்ஸ் வரை போகும். ஸ்டேஷன் பெயர் கேட்டதும் நான் பதறியடித்து எழுந்தேன். கிழவரின் நாய் என் செருப்பின்மேல் படுத்திருந்தது. அதை நகர்த்தி, பையை எடுத்து, மேலே கம்பித் தட்டில் கிடந்த கறுப்புக் குழாயை இழுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு குதித்தேன். கதவு மூடியது. சரியான நேரத்தில் இறங்கிவிட்ட பெருமையில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

சின்ன ரயில் கடலை ஒட்டியே ஊர்ந்தது. ஜன்னலுக்குக் கீழே மணல், மணலுக்கு அந்தப்பக்கம் கடல். அந்த நிறத்துக்கு எனக்குச் சொல் இல்லை. பச்சை என்றால் நீலம் கோபித்துக்கொள்ளும், நீலம் என்றால் பச்சை. பெட்டியில் இருந்த எல்லோரும் உள்ளூர்க்காரர்களாகத்தான் தெரிந்தார்கள், ஆனாலும் எல்லோரும் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்கள். தினம் பார்க்கிறவர்களே இப்படிப் பார்த்தால் நான் பார்ப்பதற்கு என்ன கேள்வி என்று மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டேன்.

ஆனால் ஊருக்குள் போனதும் துறைமுகத்தில் தண்ணீரே இல்லை. படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன, சித்திரை மாசத்து ஏரி மாதிரி. "என்ன, இங்கேயும் வறட்சியா?" என்று ஹெலனிடம் கேட்டேன். என்னை அழைத்துப்போக வந்திருந்தவள், ஒல்லியாக, வெள்ளை முடியைப் பென்சில் குத்திக் கொண்டை போட்டிருந்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாயங்காலம் பார். கடல் வெளியே போயிருக்கிறது, திரும்பி வரும்."

அவளுடைய கேலரி, ஒரு காலத்தில் மீன் உப்புப் போட்டு வைத்த கல் கட்டடத்தின் மாடி. கீழே பேஸ்டி கடை. பேஸ்டி என்பது கிறிஸ்துமஸுக்கு நாங்கள் செய்யும் சோமாஸ்தான். ஆனால் அதைப்போல மூன்று மடங்கு பெரிது, உள்ளே பூரணத்துக்குப் பதில் மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும். மாடியில் வெள்ளைச் சுவர். ஒரு சுவர் முழுக்க செல்விக்காகக் காலியாக இருந்தது. அவள் பெயரை ஆங்கிலத்தில் ஹெலன் ஒட்டியும் விட்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. போனில் படம் பிடித்துச் செல்விக்கு அனுப்பினேன்.

பிறகு ஹெலன் குழாயைத் திறந்தாள். உள்ளிருந்த தாள்களை மெல்ல உருவி, மேஜைமேல் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தாள்.

பொட்டுத் துணி இல்லாமல் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார்.

கரியில் வரைந்த படம். அடுத்த தாளில் அதே ஆள் படுத்திருந்தார். அதற்கடுத்ததில் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். மொத்தம் ஏழு தாள், ஏழிலும் அவரேதான், வயிறும் வழுக்கையுமாக. தினம் நாற்பது ஐம்பது பேர் கையில் ஊசி குத்துகிறவள் நான், மனித உடம்பு எனக்குப் புதிதில்லை. ஆனாலும் சிலுவைக்குறி போட்டுக்கொண்டேன். ஹெலன் முதலில் சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

ரயிலில் தட்டின்மேல் ஒரே மாதிரி இரண்டு குழாய் இருந்திருக்கிறது. நான் அவசரத்தில் வேறு யாருடையதையோ தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். செல்வியின் மலைகள் என்னை விட்டுவிட்டுக் கடைசி ஸ்டேஷனுக்குப் போய்விட்டன.

ஹெலன் போன்மேல் போன் போட்டாள். பென்சான்ஸ் ஸ்டேஷனில் எதுவும் ஒப்படைக்கப்படவில்லை, யாரும் எதையும் காணோம் என்றும் சொல்லவில்லை. கரிப் படங்களில் கையெழுத்தும் இல்லை. ஊர்க்காரர்கள் செய்தி போட்டுக்கொள்ளும் இணையக் குழுவில் ஹெலன் ஒரு படத்தைப் போட்டாள். அம்மணப் படம் என்று பத்து நிமிஷத்தில் தூக்கிவிட்டார்கள். குழாயின் படத்தைப் போட்டாள். "என்னிடமும் இதே குழாய் இருக்கிறது" என்று வரிசையாகப் பதில் வந்தது. ஓவியர்கள் ஊரில் கறுப்புக் குழாயைத் தேடுவது, நம்மூர்ச் சந்தையில் மஞ்சப்பையைத் தேடுவது மாதிரி.

வியாழக்கிழமை காலை செல்விக்குப் போன் செய்தேன். மறைக்க மனம் வரவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"ரெண்டு வருசம்டி" என்றாள். "மழையில வூடு ஒழுவுறப்போ எல்லாம் புள்ளைய மாதிரி கவர் போட்டு மூடி வெச்சிருந்தேன்."

"தேடிக் குடுத்துர்றேன் செல்வி."

"பேரு எழுதச் சொன்னேன்ல?"

"சொன்ன."

"சரி. வெச்சிர்றேன்."

திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஹெலனிடம் கேட்டேன், "இந்த ஊரில் எத்தனை கேலரி இருக்கும்?" அவள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, கை போதாமல் விட்டுவிட்டாள். "எல்லாவற்றுக்கும் போகிறேன். இந்தக் கரிக்கோட்டைப் பார்த்து யாராவது இன்னார் கை என்று சொல்ல மாட்டார்களா? நாங்கள் ஸ்லைடைப் பார்த்து இன்னார் தேய்த்தது என்று சொல்லுவோமே."

அப்படித்தான் நான் ஒரே நாளில் ஊரிலுள்ள கேலரிகளை எல்லாம் பார்த்தேன், கையில் ஒரு வழுக்கைத் தலை ஆளின் அம்மணப் படங்களோடு.

கற்கள் பாவிய சந்துகள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் படியேறி நிற்க வேண்டும். ஒரு கேலரியில் எல்லாப் படமும் கடற்காகம். ஒன்றில் எல்லாப் படமும் படகு. அந்தப் படகு ஓவியர் என் தாள்களை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "கை நல்ல கை. ஆனால் நான் மனிதர்களைப் பார்ப்பதில்லை அம்மா, மன்னிக்கணும்" என்றார். ஒரு சிற்பத் தோட்டத்தில் வழவழப்பான பெரிய கற்களில் நடுவில் ஓட்டை போட்டு நிறுத்தியிருந்தார்கள். எனக்கு ஆட்டுக்கல் ஞாபகம்தான் வந்தது. ஓட்டை வழியாகப் பார்த்தபோது அந்தப் பக்கம் பனைமாதிரி ஒரு மரமும் ஒரு துண்டு வானமும் தெரிந்தன, கொஞ்ச நேரம் அந்த ஓட்டையை விட்டு நகர முடியவில்லை. கடலைப் பார்த்த பெரிய வெள்ளைக் கட்டடத்தில் ஒரு சுவர் முழுக்க வெறும் சாம்பல் நிறம் பூசிய ஒரு படம். இதில் என்ன இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தால், மழை பிடித்திருந்தது. கடல் அதே சாம்பலில், அதே மாதிரி, அசையாமல். திரும்ப உள்ளே ஓடிப்போய் இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்தேன். காவலுக்கு நின்ற பெண், "எல்லோரும் இப்படித்தான் திரும்பி வருவார்கள், மழை வந்தால்" என்றாள்.

வந்த வேலை கெட்டுப்போய் நிற்கிறது, தோழி பேசவில்லை, ஆனாலும் எனக்குள்ளே ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது. அதற்காகக் குற்றமாகவும் இருந்தது. துறைமுகச் சுவரில் உட்கார்ந்து ஒரு பேஸ்டியை வாயருகே கொண்டுபோன நிமிஷம் பின்னாலிருந்து ஒரு கடற்காகம் பாய்ந்து அதைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. கோழி அளவுக்கு இருந்தது பறவை. கையில் காகிதம் மட்டும் மிச்சம். ஹெலன் சொன்னது உண்மைதான், தண்ணீர் திரும்பியிருந்தது. காலையில் சாய்ந்து கிடந்த படகெல்லாம் நிமிர்ந்து ஆடிக்கொண்டிருந்தன.

பசியோடு கேலரிக்குக் கீழே இருந்த கடைக்கே திரும்பினேன். கடைக்கார அம்மா பெயர் ஷீலா. அறுபது வயதிருக்கும், மாவு பூசிய பெரிய கைகள். "பறவையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு இன்னொரு பேஸ்டி எடுத்து வைத்தாள். குழாயைக் கவுண்டர்மேல் வைக்கப்போக, மூடி கழன்று தாள்கள் சரிந்தன. முதுகு காட்டி நிற்கும் படம் மேலே வந்தது.

ஷீலா இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"இது உனக்கு எங்கே கிடைத்தது?"

"இந்த ஆளைத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுமாவா! பத்தொன்பது வருஷம் பார்த்த முதுகு. சண்டை போட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும் முதுகு. என் பழைய புருஷன், டெரி." மற்ற தாள்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "வயிறு போட்டுவிட்டான்" என்றாள், கொஞ்சம் திருப்தியோடு.

டெரி இப்போது நியூலின் என்ற மீன்பிடி ஊரில் ஐஸ் கிடங்கில் வேலை செய்கிறார் என்றாள். ஓவிய வகுப்புகளுக்கு மாடலாக உட்காருகிறார் என்பது அவளுக்கே செய்தி. "என்னிடம் ஒரு நாள் அசையாமல் உட்கார்ந்தவன் இல்லை" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே நியூலினுக்குக் கிளம்பினேன். பஸ் எண்ணைச் சரியாகத்தான் பார்த்தேன்; ஆனால் ஒரே எண் பஸ் இரண்டு திசையிலும் ஊரைச் சுற்றி வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மாடி பஸ், மேலே கூரை இல்லை. காற்றில் என் முந்தானை பின்சீட்டுக்காரர் முகத்தில் அடித்தது. சாலை இரண்டு பக்கமும் செடிச்சுவர். ஒரு கார் எதிரே வந்தால் யாராவது ஒருவர் பின்னாலேயே போய் வழிவிட வேண்டும். டிரைவர்கள் கைகாட்டி, தலையாட்டி, நன்றி சொல்லி விலகினார்கள். தொப்பூர்க் கணவாயில் லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சேலம் போய்வரும் எனக்கு அது நாடகம் மாதிரி இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து டிரைவர், "கடைசி நிறுத்தம், நிலமே முடிந்துவிட்டது, காதலியே" என்றார்.

உண்மையாகவே நிலம் முடிந்திருந்தது. பாறை, அதற்குப்பின் கடல், அதற்குப்பின் ஒன்றுமில்லை. லேண்ட்ஸ் எண்ட் என்பது ஊர்ப்பெயர் என்று நினைத்திருந்தேன். ஹொகேனக்கலில் தண்ணீர் பாறையை வெட்டிக்கொண்டு விழுவதைப் பார்த்து வளர்ந்தவள். ஆனால் இங்கே தண்ணீர் ஏறிவந்து பாறையை அடித்தது. திரும்பும் பஸ்ஸுக்கு நேரமிருந்தது. அங்கிருந்த கடையில் டீயோடு ரொட்டிமாதிரி ஒன்று, அதன்மேல் ஜாம், அதன்மேல் வெண்ணெய்போன்ற கெட்டி கிரீம் தந்தார்கள். நான் கிரீமை முதலில் தடவப்போக, பக்கத்து மேஜைக்காரர் எழுந்தே வந்துவிட்டார். "ஜாம்தான் முதலில். கிரீமை முதலில் தடவுகிறவர்கள் பாலத்துக்கு அந்தப்பக்கம் இருக்கிறார்கள்." சொல்லிவிட்டுக் கடுகடுவென்று போய் உட்கார்ந்தார்.

நியூலின் போய்ச் சேர மாலையாகிவிட்டது. ஐஸ் கிடங்கு வாசலில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் தண்ணீர் அடித்துத் தரை கழுவிக்கொண்டிருந்தார். முழு உடுப்பில் இருந்தாலும் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளாயிற்றே. அவர் கண்ணைப் பார்த்துப் பேச எனக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

தாள்களை விரித்துக் காட்டினேன். டெரி கொஞ்சமும் கூசவில்லை. கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது ஜோன் வரைந்தது" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"இடது காலைப் பார். எனக்கு அந்தக் காலில் ஒரு விரல் கிடையாது, படகில் கப்பிக் கயிற்றில் சிக்கிப் போய்விட்டது. வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் ஐந்து விரல் போட்டுவிடுவார்கள், எனக்கு நல்லது செய்கிறோம் என்று. ஜோன் மட்டும் இருக்கிறதை இருக்கிறபடி போடுவாள்."

ஜோன் ஒரு குடாவின் ஓரத்தில் தனியாக இருக்கிறாளாம். பஸ் போகாது, போனை எடுக்கவும் மாட்டாள். "காலையில் செயின்ட் ஐவ்ஸ் வந்து என் வேனில் கூட்டிப்போகிறேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஷீலா என்ன சொன்னாள் இதைப் பார்த்து?" என்றார்.

"வயிறு போட்டுவிட்டது என்றார்கள்."

டெரி வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை மீன்வாடை வேனில், இலைகள் இரண்டு பக்கக் கண்ணாடியிலும் உரச, ஒரு பள்ளத்துக்குள் இறங்கினோம். கல் வீடு. கதவு திறந்தே கிடந்தது. டெரி கூப்பிட்டதற்கு, "வாங்க, எதையும் தொடாதீங்க, ஈரம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அடுக்களைக்குள் போனேன். செல்வியின் ஐந்து படங்களும் கொடியில் துணி காயப்போடுகிறமாதிரி கிளிப் மாட்டித் தொங்கின. அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மேஜை முழுக்கக் காகிதத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஊதா பூசிப் பார்த்திருந்தது. வெளிறிய ஊதா, கருத்த ஊதா, சிவப்போடிய ஊதா. நடுவில் எழுபது வயது மதிக்கத்தக்க குள்ளமான பெண், மூக்கு நுனியில் ஊதா.

"இவை உங்களுடையவையா?" என்றாள்.

"என் தோழியுடையவை. இன்றைக்கு நாலு மணிக்குக் கண்காட்சி. புதன்கிழமையிலிருந்து தேடுகிறேன். நீங்கள் ஏன் ஸ்டேஷனுக்குச் சொல்லவில்லை?" என் குரல் எழும்பிவிட்டது. ஆங்கிலத்தில் எனக்குக் கோபப்பட வராது, அன்று வந்தது.

ஜோன் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "வியாழக்கிழமை சொல்லலாம் என்றுதான் இருந்தேன். பார்ப்பதற்காகக் கொடியில் மாட்டினேன். பிறகு முடியவில்லை. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று. யாரோ அழுதுகொண்டிருப்பார்கள் என்று தெரியும். தெரிந்தேதான் செய்தேன். மன்னித்துவிடு." சாக்கு எதுவும் சொல்லவில்லை. "இந்த ஊதாவை அவள் எப்படிக் கலந்தாள்? அதையாவது சொல்லிவிட்டுப் போ. மூன்று நாளாக எனக்குப் பிடிபடவில்லை."

அப்போதுதான் நானும் படங்களை நிமிர்ந்து பார்த்தேன். செல்வி அனுப்பும்போதெல்லாம் போனில் பார்த்து "சூப்பர்டி" என்று போட்டதோடு சரி. வட்டம் வட்டமாக, புள்ளி புள்ளியாக, ரோஜா நிறத்துக்குள் ஊதா. எனக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது. ரத்தத் துளியைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் ஊற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் சிவப்பணுக்கள் ரோஜா நிறத்தில் பரந்து கிடக்கும், நடுநடுவே வெள்ளையணுக்கள் ஊதாவில் தெரியும். பத்து வருஷம் அவளும் நானும் பார்த்த நிறம். அவள் தன் மலையை, சாமைக் கொல்லையை, மரங்களை அந்த நிறத்தில் போட்டிருக்கிறாள்.

ஜோனிடம் சொன்னேன். அவள் கையிரண்டையும் தட்டினாள். "ரத்தம்! நான் பூ என்று நினைத்தேன், சாயங்காலம் என்று நினைத்தேன்." என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் கொடுத்த டீ கசந்தது. இரண்டு கோப்பை குடித்தேன்.

திரும்பும்போது வேனில் மூன்று பேர். ஜோன் கண்காட்சிக்கு வந்தே தீருவேன் என்று ஏறிக்கொண்டாள். வழியில் ஆட்டுமந்தை ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு நகர மறுத்தது. கேலரி வாசலுக்குப் போகும்போது மணி மூன்றரை. ஹெலன் படியில் நின்றிருந்தாள்; குழாயைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு மேலே ஓடினாள். நாங்கள் நாலு பேரும் ஆளுக்கொன்றாகப் பிடித்தோம், சட்டகம், ஆணி, நூல்மட்டம். டெரி உயரமானவர் என்பதால் சுத்தியல் அவர் கையில். கடைசி ஆணி அடிக்கும்போது கீழே ஆட்கள் வந்துவிட்டார்கள்.

மாடி நிறைந்துபோனது. வேறு ஓவியர்களின் மலைகளும் இருந்தன, பனிமலை, எரிமலை எல்லாம். ஆனால் கூட்டம் செல்வியின் சுவரில்தான் தேங்கியது. படகு ஓவியர் வந்திருந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மூன்றாவது படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். "அந்தக் கீழ்ப்பக்கத்துக் கனம் பிரமாதம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். ஷீலா ஒரு தட்டு நிறையக் குட்டிப் பேஸ்டிகளோடு மேலே வந்தாள், டெரியைப் பார்த்தாள், தட்டை அவரிடம் நீட்டினாள். அவர் வேண்டாம் என்றார். "இப்போது என்ன வெட்கம்?" என்றாள் அவள். ஒன்று எடுத்துக்கொண்டார்.

நான் ஒரு மூலைக்குப் போய்ச் செல்விக்கு வீடியோ கால் போட்டேன். வியாழக்கிழமைக்குப் பிறகு அவள் பேசியிருக்கவில்லை. காலையில் படம் கிடைத்துவிட்டது என்று நான் அனுப்பிய செய்திக்கும் பதில் இல்லை. இரண்டு முறை அடித்து நின்றது. மூன்றாம் முறை எடுத்தாள். மாவுக்கட்டுக் கால் தலையணைமேல், பக்கத்தில் புருஷன், ஜன்னல் ஓரத்தில் சிக்னலுக்காகப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"காட்டு" என்றாள். அவ்வளவுதான்.

நான் போனைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். மெல்ல மெல்ல நகர்த்தினேன், முதல் படம், இரண்டாவது படம், பார்த்துக்கொண்டு நிற்கும் முதுகுகள், மூன்றாவது படம்.

"நில்லு! நில்லு, பின்னால போ" என்று கத்தினாள்.

"என்னாடி?"

"மேரி! மூணாவதைத் தலைகீழா மாட்டி வெச்சிருக்கீங்கடி!"

ஹெலனின் கையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னேன். அவள் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. ஒரு நொடி கூட்டத்தைப் பார்த்தாள். அப்புறம் கையைத் தட்டி எல்லோரையும் நிறுத்தி, "ஓவியர் வத்தல்மலையிலிருந்து நம்மோடு பேசுகிறார். மூன்றாவது படத்தை நாம் தலைகீழாக மாட்டியிருக்கிறோம் என்கிறார்" என்றாள்.

மாடி அதிர்ந்தது. அவ்வளவு சிரிப்பை நான் ஒரே அறையில் கேட்டதில்லை. படகு ஓவியர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். ஜோன், "நான் மூன்று நாள் அப்படித்தான் தொங்கவிட்டிருந்தேன்!" என்று அலறினாள். டெரி சுவரருகே போய், சட்டகத்தை இரண்டு கையாலும் கழற்றி, மெல்லத் திருப்பி, ஆணியில் மாட்டினார்.

கனமாகக் கீழே இருந்ததெல்லாம் மேலே போய் மழைமேகமாயிற்று. மேலே சிதறிக் கிடந்த புள்ளிகள் கீழே இறங்கிச் சாமைக் கதிராயின. நடுவே இருந்த வெள்ளைக் கீற்று, அதுவரை ஏதோ நூல் மாதிரி தெரிந்தது, வளைந்து வளைந்து மலையேறும் எங்கள் பாதை. யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். ஹெலன் என் கையிலிருந்த போனை வாங்கி உயரத் தூக்கிப் பிடித்தாள், அந்தக் கைதட்டல் முழுவதும் செல்வி பார்க்கும்படி.

போன் என்னிடம் திரும்பி வந்தபோது செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குமாடி தெரியல?" என்றாள். "தெனமும் உங்க வூட்டு மாடியில இருந்து பார்க்கிற மலைதானே?"

"தெரியலடி" என்றேன்.

"கிட்டப் போ. போனை வெச்சிட்டு, நீ போயிப் பாரு."

போனைப் பைக்குள் போட்டேன். கூட்டம் விலகி வழிவிட்டது. போய் நின்றேன்.